உதவித்தொகை வாங்கித் தந்த சண்டை

எங்கள் அண்ணியால் விற்க முடியாத பொருள் என்று ஒன்று இந்தத் தெருவில் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் வேலை செய்கிறோம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் திரை விற்கிற கடை. நான் பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்திருப்பேன். அண்ணி நின்றுகொண்டே விற்பாள். பச்சை நிறம் கேட்டு வந்தவர் நீலத்தோடு, அதுவும் சந்தோஷமாக, என் மேஜைக்கு வருவார். "துவைச்சா சாயம் போகுமா?" என்று யாராவது கேட்டால், "துவைக்கத் துவைக்கத்தாங்க இதுக்கு அழகே வரும்" என்பாள். பொய் சொல்ல மாட்டாள். குறையைச் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவளைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வாய்தான் ஒரு தடவை குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே பையன். ஒன்பது வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளையில் அடிபட்டுவிட்டது. கை கால் அவன் பேச்சைக் கேட்காது, கழுத்து தானாக நிற்காது, பேச்சும் வராது. ஆனால் காதும் புத்தியும் எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை. சாப்பாடு, குளியல், வேடிக்கை எல்லாமே அவன் இருக்கிற இடம் தேடி வர வேண்டும் என்பதால் துரை என்று பெயர் வைத்தேன். கூப்பிட்டால் வாயெல்லாம் சிரிப்பாகிவிடும். இப்போது தெருவே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது.

துரையின் பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும். அதனால் அண்ணிக்கு அரை நாள் வேலை. இத்தனை வருஷம் பொறுத்த முதலாளி அந்த வருஷம் கையை விரித்துவிட்டார். "முழு நாளும் நிக்கற ஆள்தாம்மா எனக்கு வேணும். ரெண்டு மாசம் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்க" என்றார். மதியத்துக்கு வீட்டில் ஒரு ஆள் வைக்கலாம். ஆனால் அந்த ஆளுக்குக் கொடுத்தது போக அண்ணியின் சம்பளத்தில் பஸ் காசுகூட மிஞ்சாது. அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவருடைய வருமானம் வெயிலைப் பொறுத்தது. அண்ணிக்கோ கடைதான் உயிர். மூட்டை பிரித்த புதுத் துணியின் வாசனை பட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

வழி சொன்னவள் வக்கீலம்மா. நிஜ வக்கீல் இல்லை, முட்டை மொத்த வியாபாரி. துரையை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிற இடத்தில் பழக்கம். அவளுடைய மகளும் அங்கே வருகிறாள். மூன்று தடவை இல்லை என்று திருப்பி அனுப்பியும் விடாமல் மல்லுக்கட்டி நான்காவது தடவை மகளுக்கு உதவித்தொகை வாங்கியதால் அந்தப் பட்டம். "எல்லாத்துக்கும் ஒரு ஆள் துணை வேணும்ங்கற பிள்ளைங்களுக்கு அரசாங்கமே மாசா மாசம் பணம் தருது. அதை வச்சு நீ ஆள் போடு. ஆனா டாக்டர் நேர்ல பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க" என்றாள்.

டாக்டர் நேரில் பார்க்கப் போகிறார் என்றதும் அண்ணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. துரைக்கு முடி வெட்டினாள். புதுச் சட்டை வாங்கினாள். ஒரு வாரமாக பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் கொடுத்துக் கொடுத்துப் பழக்கினாள். நாங்கள் போனது உதவி கேட்டா, பெண் பார்க்கவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணியின் மடியில் துரை. எதிரே இளவயது டாக்டர். சுவரோரம் நான்.

"தம்பி தானா சாப்பிடுவானா?"

"ரொம்ப நல்லா சாப்பிடுவான் டாக்டர்! எதைக் கொடுத்தாலும் வேணாம்னு சொன்னதே இல்ல."

சொன்னதில்லைதான். அவனுக்குத்தான் பேச்சே கிடையாதே.

"நடப்பானா?"

"கால் நல்ல பலம் டாக்டர். ஒரு உதை விட்டான்னா தெரியும்!"

"ராத்திரி எப்படி?"

"தங்கம்! ஒரு தொல்லை கிடையாது."

ராத்திரி அவனைப் புரட்டிப் படுக்க வைக்க அவள் எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்பது பக்கத்து அறையில் படுக்கிற எனக்குத் தெரியும். நான் கண்ணைக் காட்டினேன், செருமினேன். அண்ணி திரும்பவே இல்லை. கடைசியில் அந்தக் கோப்பையை வேறு எடுத்து நீட்டினாள். வீட்டில் ஒரு தடவைகூடப் பிடிக்காத பயல், அன்றைக்கென்று இரண்டு கையாலும் கப்பென்று பிடித்துவிட்டான். டாக்டர் கைதட்டினார். வாசலில் நின்ற நர்ஸ் கைதட்டினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

பத்தே நாளில் பதில் வந்தது. பையனுக்குப் பிறர் உதவி ஓரளவுக்குத்தான் தேவையாம், உதவித்தொகை கிடையாதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கேட்கிற இடத்தில் போய்ப் பெருமை பேசினால் யார் கொடுப்பார்கள்? வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கைதட்டு வாங்கவா அனுப்பினேன் உங்களை? சரி விடு. மறுபரிசீலனைன்னு எழுதிப் போடு. இந்தத் தடவை வீட்டுக்கே ஒரு அதிகாரி வருவாங்க. அதுக்குள்ள உன் வாயை நான் பழக்கறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். துரை ஜன்னலோரம் தன் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீலம்மா அதிகாரி மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"பையன் தானா குளிப்பானா?"

அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். "தண்ணின்னா அவனுக்கு உசுரு" என்றாள்.

"கேட்டதுக்குப் பதில்!"

"குளிப்பாட்டினா... நல்லாவே குளிப்பான்."

"முடியாதுன்னு சொல்லுடி! நாலு எழுத்து. சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

அண்ணி துரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். "இவ விக்கறதுக்குன்னே பொறந்தவ. என்னால ஆகாது" என்று வக்கீலம்மா செருப்பைத் தேடினாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது சரி. அதற்காகப் பொன் என்றே எடை போட்டுக் காட்டினால், இல்லாதவர்களுக்குத் தருகிற பணத்தை எப்படித் தருவார்கள் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன்.

முதலாளி கொடுத்த தவணையில் இரண்டு வாரம் இருந்தபோது அதிகாரி வந்தார். நடுத்தர வயது அம்மா. மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அண்ணி தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "படி ஏறினா முழங்காலுக்கு ரொம்ப நல்லதுங்க" என்று படியையும் விற்றாள்.

எங்கள் வீட்டில் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாமே கண்ணில் படும். துரையின் கட்டிலுக்கு அடியில் அண்ணன் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியிருக்கிறார், குனிந்து தூக்கினால் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று. நாற்காலியின் இரண்டு பக்கமும் கடையின் துண்டுத் துணிகளைச் சுருட்டித் தைத்த அணை, அவன் சரியாமல் இருக்க. அந்த அம்மாவும் பார்த்தார். ஆனால் கேள்விக்குப் பதில் வேண்டுமே. கேட்டார். அண்ணி பழையபடி ஆரம்பித்துவிட்டாள். நல்லா சாப்பிடுவான், நல்லா தூங்குவான், தங்கம், வைரம். அதிகாரி பேனா மூடியே திறக்கவில்லை.

"சாப்பாட்டு நேரம்னா ஊட்டுங்க. நான் சும்மா பாத்துட்டிருக்கேன்" என்றார் அவர்.

அண்ணி ஊட்டினாள். அதில்தான் வந்தது வினை. அத்தனை வருஷப் பழக்கம். கழுத்துக்குக் கீழே ஒரு கை, ஸ்பூனில் ஒரு கை, நடுநடுவே ஒரு பேச்சு. பார்க்கிறவர்களுக்குப் பஞ்சு மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருக்கும்.

"சுலபமாத்தான் சாப்பிடறான்" என்றார் அதிகாரி.

போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஆமா மேடம், இதுல என்ன பெரிய வித்தை? நான்கூட ஊட்டுவேன்."

அண்ணியின் ஸ்பூன் பாதியில் நின்றது.

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருந்தா ஆச்சா? அன்னிக்கு நீ ஊட்டினப்ப புரையேறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, மறந்துபோச்சா? ஸ்பூனை நாக்குல எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியுமா உனக்கு? இறங்கிடுச்சான்னு தொண்டையில விரல் வச்சுப் பாக்கத் தெரியுமா? மேடம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முழுசா ஒரு மணி நேரம் ஆகும். இவ அஞ்சு நிமிஷத்துல தட்டைக் காலி பண்ணுவா. பாதி அவன் சட்டையில இருக்கும்!"

துரை கெக்கே பிக்கே என்று சிரித்தான். அத்தை திட்டு வாங்குவதைவிட அவனுக்குப் பெரிய வேடிக்கை இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிலுக்கு வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன், அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

அடி சக்கை என்று நினைத்துக்கொண்டேன். நாத்தனார் வாய்க்கும் ஒரு நேரம் வரும்.

"சரி, ஊட்டறதை விடுங்க. குளிப்பாட்டறது நான் செய்வேன்" என்றேன்.

"நீ? நீ தூக்கற அழகை நான் பாத்திருக்கேனே! அவன் உடம்பு திடீர்னு விறைச்சுக்கும் மேடம், அப்ப இழுத்துப் பிடிச்சா கால் பிசகிடும். இடுப்பைத் தாங்கி, மெதுவா முட்டியை மடக்கணும். இவளுக்குக் குடத்தையே ஒழுங்கா தூக்க வராது."

"ராத்திரி பாத்துப்பேன்ல?"

"இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டா மேடம் இவ! ராத்திரி நாலு தடவை புரட்டிப் போடலன்னா இடுப்புல புண்ணு வந்துடும். எனக்கு அலாரமே வேணாம், தானா முழிப்பு வந்துடும்."

வாசல்படியில் நின்ற அண்ணன், பாவம், எனக்காகப் பரிந்து, "நானும்கூட அப்பப்ப..." என்று இழுத்தார். "நீங்க சும்மா இருங்க. மாத்திரையை முழுசா வாயில போட்ட ஆளுதானே நீங்க? அதைப் பொடி பண்ணிக் கூழ்ல கலக்கணும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்று அவருக்கும் விழுந்தது. அவர் ஃப்ரிட்ஜ் பார்க்கப் போகிறவர்போல நழுவினார்.

கால் நீவி விடுவதை இழுத்தேன், சட்டை மாட்டுவதை இழுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அண்ணி என்னைத் துவைத்துக் காயப்போட்டாள். அதிகாரி இரண்டாவது பக்கம் திருப்பினார். கடைசியில் சிரித்தபடியே கேட்டார்: "இவ்வளவும் நீங்க ஒருத்தரே செய்யறீங்க. ஒரு நாள் உங்களுக்கு உடம்பு முடியலன்னா?"

"எனக்கு உடம்பு முடியாம போனதே இல்லங்க" என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அண்ணன் நின்றிருந்த வாசலைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கடையில் அவள் பேச்சற்று நின்று நான் பார்த்ததே இல்லை. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

உதவித்தொகை கிடைத்தது. தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிடைத்தது. முதலாளியிடம் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்பாடா, நீலத் திரை அத்தனையும் அப்படியே கிடக்கு" என்றார் அவர்.

மதியத்துக்கு வர ஒப்புக்கொண்ட பெண் முன்பு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். நல்ல உடம்பு, நல்ல குரல். முதல் நாள் துரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கணீரென்று, "பையனால என்னென்ன முடியாதுன்னு சொல்லிடுங்கம்மா, அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்கறேன்" என்றாள்.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். முதல் நாளே சண்டையா என்று பதறி நான் கதவருகே போனேன். உள்ளே சண்டை இல்லை. அண்ணி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்து நிக்காது. தானா முழுங்க வராது. வலிச்சாலும் சொல்ல முடியாது, முகத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஒவ்வொன்றாக, எதையும் விடாமல், எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். டாக்டரிடமும் வக்கீலம்மாவிடமும் வாயில் வராத அந்த "முடியாது" அங்கே வரிக்கு வரி வந்தது.

"இதை அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"அவன் கேட்டுட்டிருக்கான்ல" என்றாள் அண்ணி. "பெத்தவ வாயால அவன் இதையெல்லாம் கேக்கணுமா?"

கதவு திறந்தது. அண்ணி வெளியே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எல்லாம் எங்க துரையே பாத்துப்பாரு, நீங்க சும்மா பேச்சுத் துணைக்கு இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, அவன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, செருப்பை மாட்டினாள். என்னைப் பார்த்து, "என்ன மசமசன்னு நிக்கற, நேரமாச்சு" என்றாள்.

கடைக்குப் போகிற வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் அவள் மடியில் இருந்தான். வக்கீலம்மா பழக்கிய அன்று ஜன்னலோரம் இருந்தான். அதிகாரி வந்த அன்றும் இருந்தான், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு. அன்றைக்கு அண்ணி எத்தனை "தெரியாது" சொன்னாள், எத்தனை "வராது" சொன்னாள். அதில் ஒன்றுகூட அவனைச் சொன்னதில்லை. அண்ணனுக்கு விழுந்தது போக, எல்லாம் என்னைச் சொன்னது.