ரெண்டு குமிழி

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்க்கிறவன், புதுச் சத்தம் கேட்டால் எந்த பெல்ட் என்று தேடுவேனே தவிர வேறு நினைப்பு வராது. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை.

மடுல்சீமையில் எங்கள் லயத்து வீடுகளுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது, பேச வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும். அன்று மத்தியானம் என் மனைவி செல்வி மூச்சு வாங்குகிறது என்று படுத்திருந்தாள், ஏழாம் மாதம், வயிறு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. அப்போது அடுப்படியில் கிடந்த என் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"பாப்பா வயித்துல ரெண்டு குமிழி தெரியுதுங்க. நாளைக்கே பதுளைக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுங்க. பொறந்ததும் பால் மட்டும் குடுத்துறாதீங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் போனால், கிளினிக்கில் இருந்த தாதி, "நாங்க யாரும் கூப்பிடலயே, உங்க திகதி இன்னும் வரலயே" என்கிறார். நான் திரும்பிப் போக எழுந்தேன். செல்விதான் நகரவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம் மிஸ், ஒரு தடவ பாத்துருங்க."

அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு டாக்டரும் சரி என்றார். திரையில், நம்பினால் நம்புங்கள், கறுப்பாக, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு குமிழிகள். ஒன்று இரைப்பை, மற்றது குடலின் தொடக்கம், அதற்குக் கீழே அடைத்திருக்கிறது, பிள்ளை விழுங்குகிற நீர் இறங்க வழியில்லை, அதுதான் வயிறு இப்படி என்றார் டாக்டர். பிள்ளை பிழைக்குமா என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க. பொறந்ததும் ஒப்பரேஷன் செஞ்சா சரியாயிரும். முன்னாடியே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. தெரியாம பால் குடுத்திருந்தா வாந்தி எடுத்தே பிள்ள சோர்ந்திருக்கும்."

சிறுபிள்ளைகளுக்கு ஒப்பரேஷன் செய்கிற பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பெண் குழந்தை. ஒப்பரேஷன் முடிந்து, பல நாள் கழித்து முதல் முதலாகப் பால் குடித்தாள், வாந்தி எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் துணியை நனைத்து அழுக்காக்கியபோது நானும் செல்வியும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம், அழுதோம். இப்போது சோறு போதவில்லை என்று தட்டைத் தட்டுகிறாள்.

கூப்பிட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. அதைக்கூட விட்டுவிடுவேன். செல்வியிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று எங்களுக்கே தெரியாத அந்த மத்தியானம், போனை வைக்கும் முன் அந்தப் பெண் பக்கத்தில் இருந்த யாரிடமோ தணிந்த குரலில் சொன்னாள்:

"அழாதடி பொண்ணு, அப்பா போன எடுத்துட்டாரு."