பேய்வீட்டை விட்டுப் போகாதவர்

படத்தில் பேய் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. திரைச்சீலை அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தையல் இயந்திரம் கடகடவென்று ஓடுகிறது. பேய் போய், வீடு அடங்கி, ஆளில்லாத கூடமும் பாதி திறந்த கதவும் மட்டும் தெரியும்போதுதான் மிதியிலிருந்து காலை எடுக்கிறார். "வந்துட்ட பேய்கிட்ட என்ன பயம்? வருமா வராதான்னு உக்கார வைக்குது பாரு, அதுதான் பேய்," என்பது அவர் கட்சி.

தெருவில் பாதி ஜன்னல்களில் தொங்குவது அவர் தைத்த திரைதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் பழைய பேய்வீட்டுப் படம் ஒன்று ஓடியாக வேண்டும். கறுப்பு வெள்ளை என்றால் இன்னும் கொண்டாட்டம். படத்தில் திரைச்சீலை தானாக ஆடினால் பயப்படமாட்டார், ஓரம் மடித்துத் தைத்த லட்சணத்தைத் திட்டுவார். ஊரே "அந்த வீட்டை விட்டு ஓடேன்டி" என்று பதறும் இடத்தில் இவர் மட்டும் கதாநாயகிக்குத் தைரியம் சொல்வார்: "நீ ஏன் போகணும்? அது உன் வீடு."

கணவருக்கு இந்தப் படங்கள் ஆகவே ஆகாது. படம் தொடங்கினால் மாடிக்குப் போய்விடுவார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அங்கிருந்து தரையைக் காலால் தட்டுவார். அக்கா ஒருநாளும் குறைத்ததில்லை. போன மழைக்காலத்தில் அந்த மாடி அறையிலேயே அவர் கண்ணை மூடினார்.

வீட்டின்மேல் கொழுந்தனாருக்கு நெடுநாளாக ஒரு கண். அண்ணன் இன்னும் மாடியில் நடக்கிறார் என்று கதை கட்டிவிட்டார்; அண்ணி பயந்து காலிசெய்தால் காரியம் சுலபம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? துணி கொண்டுவருகிறவர்கள்கூட இப்போது வாசலோடு நின்றுகொள்கிறார்கள். அக்காவுக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம்.

நேற்று மதியம் கொழுந்தனார் சாமான் ஏற்ற வண்டியோடு வந்துவிட்டார். தன் வீட்டில் பின்னறை ஒழித்து வைத்திருப்பதாகவும், பேய் நடமாடும் வீட்டில் ஒண்டியாக இருக்க வேண்டாம் என்றும் உருகினார். அக்கா படத்தை நிறுத்தவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை.

"உங்க அண்ணன் செத்தும் இந்த வீட்டை விட்டுப் போகலைங்கிறீங்க. உசுரோட இருக்கிற நான் எதுக்குப் போகணும்?"

அந்த நேரம் பார்த்து மாடித் தரையில் தொம்மென்று ஒரு சத்தம். எதுவோ விழுந்திருக்க வேண்டும். கதை கட்டியவரே செருப்பை விட்டுவிட்டு வண்டிக்கு ஓடினார்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.