மாதம்மாள் போட்ட படுக்கை

தளி ஊருக்கு மேற்கே காட்டுக்குள் இருந்த சர்க்கார் பங்களாவில் தங்கிப் போனவர்கள் விடிந்ததும் சொல்லும் முதல் பேச்சு தூக்கத்தைப் பற்றித்தான் இருக்கும். இந்தக் குளிரில், இந்த ஈரத்தில், இப்படி ஒரு தூக்கமா என்பார்கள். காவல்காரன் திம்மப்பன் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். படுக்கை போட்டவள் அவன் மனைவி மாதம்மாள்.

யாரும் வராத நாளிலும் அவள் மெத்தையை வெயிலில் போட்டு அடிப்பாள். எறும்பு ஏறாமல் கட்டில் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பாள். மழைக்காலத்தில் கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டியை வைத்து ஈரத்தை இழுத்த பிறகுதான் கம்பளி விரிப்பாள். வேப்பிலைப் புகை போட்டுக் கொசுவலையை இறக்கி, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் உள்ளே ஒரு கொசு நுழையாது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் வருகிறவர்கள் எல்லோரும் அவளுக்குத் துரைகள்தான்.

சூளகிரியில் கட்டிக்கொடுத்த மகள் பூவு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "எம்மா, அந்த மெத்தை மேல எங்கப்பனயாவது ஒரு நாளு படுக்க உட்டிருக்கியா?"

"உங்கப்பன் கொறட்டைக்குக் காட்டுல இருக்கற ஆனையெல்லாம் எந்திரிச்சு ஓடிப்போயிரும். அப்புறம் சர்க்கார் என்னத்த காவல் காக்கும்?"

பூவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஐப்பசி அடைமழையில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டில் குலசாமிப் பெட்டி இருந்ததால், தீட்டுக் கழியும்வரை தாயும் பிள்ளையும் வெளியே தனிக் குடிசையில் இருக்க வேண்டும். அவர்கள் ஜனத்தில் அதுதான் வழக்கம். மாதம்மாளும் அப்படித்தான் கிடந்து எழுந்தவள். ஆனால் அந்த வருஷம் மழை விடவே இல்லை. குடிசைக் கூரை ஒழுகியது. தரை ஊறி, போட்ட வைக்கோல் நனைந்தது. பூவுக்குக் குளிர் கண்டது.

வருவதாக இருந்த அதிகாரி பாதை உடைந்ததால் வரவில்லை. அவருக்காகப் போட்ட படுக்கை பங்களாவில் அப்படியே இருந்தது.

"புள்ளைங்கள அங்க படுக்க வை மாதி," என்றான் திம்மப்பன். "பங்களாவுல நம்ம சாமியா குந்தினு இருக்குது?"

"சாமி இல்ல. நாளைக்கு வேத்து மனுசங்க வந்து படுப்பாங்க. தீட்டு மெத்தைனு தெரியாம படுத்தா அந்தப் பாவம் ஆருக்கு? எங்கையால போட்ட படுக்கைல இன்னி வரைக்கும் ஒரு குத்தம் இல்ல."

"எவன் வந்து கேக்கப் போறான்?"

"ஆரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

மாதம்மாள் தன் சேலைகளையெல்லாம் கொண்டுபோய் மகளுக்குப் போர்த்தினாள். இரண்டு கங்குச் சட்டி வைத்தாள். குளிர் காய்ச்சலானது, காய்ச்சல் ஜன்னியானது. மழை விட்டபோது பூவு இல்லை. பிள்ளையை அவள் மாமியார் சூளகிரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த பெண்கள், "காலம் முடிஞ்சா மெத்தையா உசுரப் புடிச்சு வெக்கும்?" என்றார்கள். மாதம்மாள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், சமைத்தாள், மறுபடியும் மெத்தையை அடித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு இன்ஜினியர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் மழையில் நனைந்து, பல் கிட்ட நடுங்கிக்கொண்டுதான் ஜீப்பிலிருந்து இறங்கினாள். உடம்பு அனலாய்ச் சுட்டது. மறுநாள் காலையில் தெளிந்த முகத்தோடு வெளியே வந்து, மாதம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் வேணாம், மருந்து வேணாம் போ. உன் படுக்கைல படுத்ததும் வேர்த்துக் கொட்டிச்சு. ஜுரம் எங்க போச்சுனே தெரியல."

மாதம்மாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

ஜீப் போனதும் அறைக்குள் வந்தாள். வெளியே தூறல். விரிப்பை உருவக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு காலைத் துடைத்துக்கொண்டு கொசுவலையைத் தூக்கி உள்ளே ஏறிப் படுத்தாள். இது வெறும் மெத்தைதான், இதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும், உடனே எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். முதுகுக்கடியில் மெத்தை அமுங்கி இடம் கொடுத்தது. கால் விரல்களிலிருந்து சூடு மெல்ல ஏறியது. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. பூவு போன நாளிலிருந்து ஒட்டாத கண்கள் ஒட்டிக்கொண்டன.

திம்மப்பன் தேடி வந்து எழுப்பினான். "மாதி... மாதி..."

அவள் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முகம் கோணிற்று.

"தூங்கிட்டேன்யா," என்றாள். "படுத்த ஒடனே தூங்கிட்டேன்."

அவன் கொசுவலைக்கு வெளியிலேயே நின்றான்.