சிவப்பு மையில் அடித்த வரி

எழுதக் கற்றுக்கொடுப்பது தமிழாசிரியரின் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். காப்பார் தமிழ்ப்பள்ளியில் நான் கற்பிப்பது அறிவியல். எல்லாப் பாடங்களிலும் மாணவரை எழுத வைப்பது பற்றி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஆசிரியர் பட்டறைக்கும் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். மூன்று மாணவரின் பயிற்சிப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மிகச் சுத்தமானவற்றைப் பொறுக்கி எடுத்துப் போயிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூச்சோங் பள்ளிக் கணித ஆசிரியை அவற்றைப் புரட்டினார்.

“என்ன டீச்சர், மூனு பேரும் வார்த்தை மாறாம ஒன்னையே எழுதியிருக்காங்க?”

“நான் போர்டுல எழுதுவேன், அவங்க பார்த்து எழுதுவாங்க. சோதனையில மார்க் போகாது லா.”

அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். நீர் ஆவியாதல் பாடத்தில் கவிதா ஒரு வரியைக் கூடுதலாக எழுதியிருந்தாள்: ‘எங்கள் ஃபிளாட்டில் துணி காய இரண்டு நாள் ஆகிறது, காற்று வராததாலா?’ அதைச் சிவப்பு மையில் அடித்திருந்தேன். அடித்தது எனக்கு நினைவில்கூட இல்லை.

மறுநாள் வகுப்பில் கவிதாவிடம் அந்த வரியைக் காட்டி, “இதைப் பத்தி இன்னும் எழுதும்மா” என்றேன். அவள் பென்சிலைப் பிடித்தபடி வெறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க இன்னும் போர்டுல எழுதலையே, டீச்சர்.”

நான் அவளுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது அந்தக் காத்திருப்பை மட்டும்தான்.