ஒரு கிராம் ஐதரசனும் மஸ்கெலியா டேமும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் அவமானம் நடந்தது. எனக்குத்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

தலவாக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் புஷ்பராணி. வயது இருபத்திரண்டு. வாரத்தில் ஆறு நாள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் உயர்தரப் பரீட்சைக்கான இரசாயனவியல். இந்த வருடம் எழுதப்போவது மூன்றாவது தடவை; அதற்குமேல் விடமாட்டார்கள். இதிலும் தவறினால் பல்கலைக்கழகக் கதவு சாத்தியதுதான். "போதும்டி, விட்டுடு" என்று அவளிடம் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அன்று ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். ஐதரசன் அணுவின் ஆரை தந்திருக்கிறது. ஒரு மூல் அணுக்களின் மொத்தக் கனவளவு என்ன? ஓர் அணுவின் கனவளவைக் கண்டுபிடித்து, ஒரு மூலில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அது ஏறத்தாழ ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று பூச்சியம்!

அவளுக்கு வந்த விடை, ஒரு கன சென்ரிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"இத்தனை பூச்சியத்தால பெருக்கி இத்தினியூண்டு விடையா? வெட்டிட்டு மறுபடி செய்ம்மா" என்றேன். நான் விஞ்ஞானப் பிரிவில் படித்தவன் – முப்பது வருடத்துக்கு முன்னால். போனை எடுத்துத் தட்டினேன்... எனக்கு லட்சம் கோடிக் கணக்கில் கன மீற்றர் வந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். ஆனால் வெட்டவில்லை.

"ஒரு மூல் ஐதரசன் அணு ஒரு கிராம்தாங்கண்ணே. உங்க கணக்குப்படி அத வைக்க மஸ்கெலியா டேம் பத்தாதே?"

"போன் தப்பாச் சொல்லுமா?"

"கொழுந்து மூட்டையப் பாத்தாலே எத்தனை கிலோன்னு சொல்லிருவேன். தராசு தப்பாக் காட்டுனா கணக்கப்பிள்ளைகிட்டயே சண்ட போடுறவ நான். போனுக்கா பயப்படப்போறேன்? வரி வரியா எழுதிக் காட்டுங்க."

எழுதினேன். மூன்றாவது வரியில் அகப்பட்டேன். ஆரையை மும்மடியாக்கும்போது எண்ணை மட்டும் மும்மடியாக்கிவிட்டு, பத்தின் சுட்டியை அப்படியே விட்டிருக்கிறேன். மைனஸ் பத்து, மைனஸ் முப்பது ஆகியிருக்க வேண்டும்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. என் வயசுக்கு மரியாதை கொடுத்து, சரியான விடையை அவள் வெட்டியிருந்தால்? படித்தவர் சொல்கிறாரே என்று நம்மில் எத்தனை பேர் சரியானதை வெட்டியிருக்கிறோம்!

"அடுத்த கணக்கையும் பாத்துருவோமா?" என்றேன், விட மனமில்லாமல்.

"அத நானே பாத்துக்கிறேங்கண்ணே. நீங்க டீயக் குடிங்க, ஆறுது."

குடித்தேன். இந்தத் தடவை இவள் பாஸ் – இதைச் சொல்ல எனக்குப் போன் தேவையில்லை.