அண்ணை, கேக்குதோ?

பாரிஸின் லா சப்பலில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த கரிகாலனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒபர்வில்லியே புறநகரிலுள்ள மொத்தக் கடைக்கு வெற்றுத் தட்டு வாங்க வந்த மதாம் லியனிடம், வன்னியிலிருக்கும் தன் தங்கை மிருணாளினியைப் போல் பாட ஆளில்லை என்று அளந்துவிட்டார். லியன் பதின்மூன்றாம் வட்டாரத்தில் வியட்நாமியப் பாட்டுகளும் கரோக்கேயும் வெளியிடுகிறவர். புதுப் பாட்டின் நடுவே நாலு வரி தமிழில் வந்தால் எடுபடும் என்று அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

2009 மாசி மாதம். அங்கே ஷெல் மழை. மிருணாளினி தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று அழைப்பு எடுத்தாள். சாப்பிட்டாயா, அம்மாவுக்கு என்ன சொல்ல என்று கேட்டுவிட்டு, கரிகாலன் வெட்கமில்லாமல் பாட்டையும் கேட்டார். அவளும் பாடினாள், அவர் இந்தப் பக்கம் பதிவு செய்தார். பதிவு செய்யும்போது கரிகாலனிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பாட்டு முடிந்தாலும் ஐந்து விநாடி யாரும் வாய் திறக்கக்கூடாது, அப்போதுதான் கடைசி ஒலி சுத்தமாக அடங்கும். பெரிய ஒலிப்பதிவாளர் என்ற நினைப்பு!

“அண்ணை, கேக்குதோ?” என்றாள் அவள். அவர் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். “அண்ணை, கேக்குதோ?”

ஐந்து வருவதற்குள் இணைப்பு அறுந்துபோனது. அதன்பிறகு அவள் எடுக்கவேயில்லை. வைகாசியில் யுத்தம் முடிந்தது. முகாம் பட்டியல்களிலும் அவள் பெயர் இல்லை.

பதிவை அவர் மறுநாளே லியனிடம் கொடுத்திருந்தார். அங்கிருந்த ஒலிக் கலைஞருக்குத் தமிழ் எங்கே தெரியும்? அந்தக் கேள்வியும் பாட்டின் வரிதான் என்று நினைத்து, அதையே பல்லவியாக்கிவிட்டார். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சாப்பாட்டுக் கடை, கலியாண மண்டபம் என்று போகிற இடமெல்லாம், யாரென்றே தெரியாத வியட்நாமியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து அண்ணை, கேக்குதோ என்றார்கள். அந்த வரியை வெட்டிவிடச் சொல்வோம் என்று இரண்டு தரம் லியனிடம் போனார். வேறெங்கும் அவள் குரல் இல்லையே. கேட்காமலே திரும்பினார்.

2016இல் சைகோன் நிறுவனம் ஒன்று அந்தப் பாட்டைத் தொலைக்காட்சிக்குக் கேட்டது. பாடியவரின் கையெழுத்து வேண்டும். இறந்தவரென்றால் உறவினர் அப்படி எழுதி ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குரலை எடுத்துவிட்டு வேறொருத்தியைப் பாடவைப்பார்கள்.

எபினே புறநகரில் இருந்த தாய் தில்லைநாயகி மகளின் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. கரிகாலன் அந்தத் தாளை நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். குரல் மிஞ்ச வேண்டுமென்றால் அவளைச் சாகடிக்க வேண்டும். இது என்ன அநியாயம்! லியனின் அண்ணனும் வியட்நாமை விட்டுப் படகேறிப் போய்க் காணாமல் போனவர்தான். பதினொரு வருடம் பார்த்திருந்துவிட்டுத்தான் ஊதுபத்தி கொளுத்தினோம் என்று அவர் சொன்னார். கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார் கரிகாலன்.

புதுப் பதிவுக்கு உச்சரிப்புத் திருத்த அவரையே கூப்பிட்டார்கள். வியட்நாமியப் பெண்ணொருத்தியின் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அவள் நாலு வரியையும் பிசகில்லாமல் பாடி முடித்து, மூச்சை இழுத்தாள்.

“அண்ணை, கேக்குதோ?”

“ஓம் பிள்ளை, கேக்குது. சொல்லு.”

பதிவு கெட்டதென்று ஒலிக் கலைஞர் கையை உயர்த்தினார். லியன் அவரைத் தடுத்துவிட்டார். ஐந்து விநாடியும் தாண்டிப் போனது. அந்தப் பெண் கரிகாலனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் தெரியாது.