அம்மாவின் ஒரு மணி

டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தானாக ஓடவேண்டிய பணிகளுக்கு டென்மார்க் நேரத்தைக் கொடுக்காதீர்கள், மார்ச்சிலும் ஒக்டோபரிலும் மணிக்கூட்டை மாற்றும்போது எல்லாம் குழம்பும் என்று மற்றவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

வீட்டில் அதே பிழையைத்தான் செய்திருந்தேன். ஞாயிறுதோறும் காலை ஒன்பதரைக்கு என் கணினி தானாகவே யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவை வீடியோவில் அழைக்கும். அங்கே அப்போது பகல் ஒரு மணி. ஒக்டோபர் கடைசியில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி, குளிர்கால நேரம் தொடங்கியதும் அதே ஒன்பதரை அங்கே இரண்டு மணியாகிவிடும். நான்கு வருடங்களாக இது என் மண்டையில் ஏறவில்லை. கிழமை முழுக்க அந்த அழைப்புக்காகக் காத்திருப்பவன் நான் மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன்.

கொழும்பிலிருந்து அம்மாவிடம் போய் நின்ற அக்காதான் ஒரு நவம்பரில் கத்தினாள். "ஒரு மணியிலயிருந்து அம்மா வெறும் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருக்கிறா, தெரியுமோ?"

"ஏனம்மா சொல்லேல்லை?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கு வேலையாக்கும் எண்டு இருந்திட்டன்."

அன்றே அழைப்பை இலங்கை நேரத்துக்கு மாற்றினேன். இனி எந்த மாதமும் சரியாக ஒரு மணிதான் என்று விளக்கினேன். "ஓம், ஓம்" என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறு, எனக்கு எட்டரை. திரை திறந்தபோது அம்மா சேலை மாற்றி, கமராவுக்கு முன்னால் இருந்தார்.

"பன்னிரண்டு மணிக்கே வந்து இருந்திட்டா," என்றாள் பின்னால் நின்ற அக்கா.

"நேரத்தை மாத்தினனான் எண்டு சொன்னாயெல்லே," என்றார் அம்மா. "நீ முந்தி வந்திட்டால், நான் இருக்கோணுமெல்லே."